கலாமணி அக்கா கேட்ட ஒரு வரி

செய்தி வந்தபோது நான் வேறொருவருடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருந்தேன். புற மதிப்பீட்டாளர் "பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்" என்று சொல்லி முடித்ததும் அரங்கம் கைதட்டியது. ஆய்வாளரின் மாமனார் பொன்னாடைகளை அள்ளிக்கொண்டு மேடையேறினார். ஜாங்கிரியும் காராபூந்தியும் வைத்த காகிதத் தட்டு வரிசை வரிசையாக வந்தது. சட்டைப் பையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. எங்கள் துறை வாட்ஸப் குழுவில் ஒரு வரி: "கலாமணி மேடம் இன்று காலை தவறிவிட்டார். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்." படித்தேன். போனைப் பைக்குள் போட்டேன். பிறகு ஜாங்கிரியை முழுவதும் தின்றேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. தட்டைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். இது இரண்டு பக்கத்தில் முடியாது. கலாமணி அக்காவை அறிந்த நீங்கள் அனைவரும் ஒரே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டீர்கள்: பதினோரு ஆண்டு பொருளாதாரத்தில் ஆய்வு செய்தும் அவருக்கு ஏன் பட்டம் கிடைக்கவில்லை? இரங்கல் குறிப்பில் "உடல்நலக் குறைவால் ஆய்வு நிறைவுறவில்லை" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது தவறு. ஆய்வு நிறைவுற்றது. பட்டம் நின்றுபோனதற்குக் காரணம் அவர் உடல்நலம் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அன்று மாலை ஜலகண்டாபுரம் தாண்டி மேச்சேரி போகும் வழியில் இருக்கும் அவருடைய ஊருக்குப் போனேன். பக்கத்து வீட்டு விசைத்தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவில் நான் அதுவரை தறிச் சத்தம் இல்லாமல் நின்றதில்லை. அக்காவின் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பட்டியில் ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன. அன்றைக்கு யாரும் அவற்றை ஓட்டிப் போகவில்லை. கல்லூரிக்காரர்கள் நாங்கள் ஒரு மாலையைத் தூக்கிக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றோம்.

தோளில் துண்டோடு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். செங்கோடன். மேச்சேரி ஆட்டுச் சந்தையில் நாற்பது வருடமாகத் தரகு பார்ப்பவர். இந்தக் கதையில் அக்காவையும் என்னையும் தவிர முக்கியமான ஆள் அவர்தான்.

"ஏனுங்க சார், அவிங்களுக்குப் பட்டம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

"வந்துரும்ங்க" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டு பாடைக்குத் தென்னங்கீற்று முடைகிறவர்கள் பக்கம் போய்விட்டார். அந்த மனிதரிடம் அப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கலாமணி அக்காவும் நானும் ஒரே ஆண்டில், ஒரே நெறியாளரிடம் பதிவு செய்தோம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் ஒரு தனியார் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துக்கொண்டு பகுதி நேரமாகவும், நான் ராசிபுரத்திலிருந்து வந்துபோய் முழு நேரமாகவும் படித்தோம். என்னைத் 'தம்பி' என்றார். நெறியாளர் சிக்கனமான மனிதர். "ஒரே சந்தை, ஒரே டேட்டா. ஆளுக்கு ஒரு தலைப்பு எடுத்துக்குங்க" என்று முடித்துவிட்டார். மேச்சேரி ஆட்டுச் சந்தையில் விலை எப்படி உருவாகிறது என்பது அக்காவின் தலைப்பு. அந்தச் சந்தையில் தரகர்களின் பங்கு என்பது என்னுடையது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எந்த ஆடு என்ன விலைக்குப் போனது?

அந்தச் சந்தையைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே விலையை யாரும் வாயால் பேசுவதில்லை. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும். ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார், விடுவார், இரண்டு விரலைச் சேர்த்துப் பிடிப்பார். தரகர் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கை கொடுப்பார். சுற்றி நூறு பேர் நின்றாலும் அந்த மூவருக்கு மட்டும்தான் விலை தெரியும். சந்தைத் தகவல் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதாக எங்கள் பாடப் புத்தகங்களில் முதல் இயலிலேயே எழுதியிருப்பார்கள். முதல் நாள் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னது நினைவிருக்கிறது. "தம்பி, நம்ம புஸ்தகத்த எழுதினவரு சந்தைக்கே போனதில்லயாட்டம் இருக்குது."

நாங்கள் கெட்டிக்காரர்கள் அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தோம். துண்டு விலகியதும் தரகரிடமே போய்க் கேட்டுவிடுவது. செங்கோடன் தட்டாமல் சொல்வார். ஆட்டின் வயது, எடை, அடையாளம், விலை என்று வரிசையாகக் குறித்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு, ஒரு சந்தை விடாமல், இருவரில் ஒருவராவது நின்றோம். வெயிலில் நிற்கிறோமே என்று அவர் இளநீர் வாங்கிக் கொடுத்த நாள்களும் உண்டு. எங்கள் நோட்டுகள் நிறைந்தன. ஒரு கருத்தரங்கில் யாரோ ஒரு பேராசிரியர், "உங்கள் மாதிரியின் அளவு என்ன?" என்று எழுந்து கேட்டார். "ஒரு சந்தைங்க. முழுசா" என்றார் அக்கா. அரங்கம் சிரித்தது. அந்தப் பதிலில் எனக்கும் பெருமைதான்.

மழை ஏமாற்றிய ஓர் ஆடி மாதம் தீவனம் கிடைக்காமல் அக்காவின் அம்மா இரண்டு கிடாக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். செங்கோடன்தான் முடித்துக் கொடுத்தார். வழக்கம்போல நான் போய் விலை கேட்டேன், அவர் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அன்று மதியம் அக்கா வீட்டில் எனக்குச் சாப்பாடு. கம்பஞ்சோறும் மோரும். சாப்பிட்டுக்கொண்டே என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா, விரலை ஒரு வரியில் வைத்து நிறுத்தினார்.

"தம்பி, செவலைக் கிடா ரெண்டு, ஒன்னுக்கு எடது காது பொளந்தது. இது நம்ம கிடாதான?"

"ஆமாங்க்கா."

"யம்மோவ், கிடா என்ன வெலைக்குப் போச்சு?"

"ஏன்டி கத்தறே. அக்கம்பக்கம் காதுல உழுகப்போவுது" என்றார் அம்மா. பிறகு வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் கையை எடுத்து, தன் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு விரல்களைப் பிடித்தார். சொந்த வீட்டில், பெற்ற பெண்ணிடம், அப்படித்தான் விலை சொன்னார். அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நான் எழுதியிருந்ததற்கும் அந்தக் கை சொன்னதற்கும் ஏறக்குறைய ஒரு குட்டியின் விலை வித்தியாசம் இருந்தது.

மறுநாள் காலையில் செங்கோடன் வீட்டுக்குப் போனோம். அவருக்கு எங்கள் அதிர்ச்சியே முதலில் புரியவில்லை. "சந்தைக்குள்ள வெலையச் சொல்ற வழக்கமில்லீங்களே. சொன்னா அடுத்த ஏவாரம் கெட்டுப்போவும்" என்றார்.

"அப்ப ரெண்டு வருசமா எங்ககிட்டச் சொன்னதுங்க?" என்றார் அக்கா.

"அதுங்களா? படிச்ச புள்ளைங்க, வெயில்ல வந்து நின்னு மரியாதையா கேக்கறீங்க. இல்லைன்னு எப்படிங்க சொல்றது? ஏதாச்சும் ஒன்னச் சொல்லி அனுப்பறதுதானுங்களே மரியாதை" என்றார். பிறகு எங்கள் கையிலிருந்த நோட்டைப் பார்த்து, அவருக்கும் எதுவோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். "அதைய எழுதியா வெச்சீங்க?" என்று கேட்டார்.

எழுதி வைத்திருந்தோம். அட்டவணை போட்டு, வரைபடம் போட்டு, கணினியில் ஏற்றி, விலைக்கும் எடைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்துக் கட்டுரையும் எழுதிவிட்டோம். ஒரு நல்ல மனிதர் எங்களைப் புண்படுத்தக் கூடாது என்று சொன்ன பொய்களுக்கு மூன்று தசம இடம் வரை கணக்கிட்டிருந்தோம். திரும்பி வரப் பேருந்து ஏறும்போது அக்கா சொன்னார்: "அவரு மேல தப்பில்ல தம்பி. கேட்ட எடம் தப்பு, கேட்ட நேரம் தப்பு."

நெறியாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதானே தப்பு இருக்கும்? கெடச்ச டேட்டாவ வெச்சு எழுது. உண்மை வேணும்னா டாக்டர் ஆனப்புறம் தேடிக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் எட்டுப் பேர் பதிவு செய்திருந்தார்கள், ஓய்வுக்கு நான்கே ஆண்டு இருந்தது. அவர் சொன்னதில் எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு அறிவிப்பு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. பட்டம் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். இப்படிக் காரணங்கள் அடுக்கலாம். எல்லாம் உண்மை. ஆனாலும் நான் செய்தது தெரிந்தே செய்தது.

என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுக்க அந்த விலைகள்தான். சமர்ப்பித்தேன், பட்டம் வந்தது, வேலையும் வந்தது. வேலையில் சேர்ந்த நாளில் அக்கா போன் செய்து வாழ்த்தினார். "நல்லபடியா இருங்க சார்" என்றார். அன்றிலிருந்து 'தம்பி' போய்விட்டது. குத்திக் காட்டுவதற்காக அப்படிச் சொல்கிற ஆள் அவர் இல்லை. பதவிக்கு உரிய மரியாதை என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் கன்னத்தில் விழுந்தது.

அக்கா தன் இரண்டு ஆண்டு நோட்டுகளையும் அம்மாவிடம் அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். செங்கோடனே வழி சொன்னார்: "சந்தை கலைஞ்சப்புறம் ஒரு நாளு ஊட்டுக்கு வாங்க. அன்னிக்குப் பொய் சொல்ல மாட்டன்." அக்கா அதோடு விடவில்லை. தரகர் சொன்னதை விற்றவர் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தார். மேச்சேரியைச் சுற்றி அவர் கால் படாத பட்டி இல்லை. ஒரு ஸ்கூட்டி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. கல்லூரியில் ஞாயிறு தவிர விடுமுறை தரமாட்டார்கள். ஆகவே எல்லா ஞாயிறும் இதற்குப் போயிற்று.

அந்த நோட்டுகளில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு விலைக்கும் எதிரே ஒரு சொல். விற்றவர் கையைப் பிடித்துச் சொன்ன விலை என்றால், அல்லது நேரில் பார்த்துச் சரிபார்த்தது என்றால், 'கை'. யாரோ சொல்லக் கேட்டது என்றால் 'வாய்'. முதலில் பென்சிலில் எழுதுவார். இன்னொரு ஆளிடம் விசாரித்து உறுதியானால்தான் பேனாவால் மேலே எழுதுவார். ஒருமுறை என் கல்லூரிக்கு வந்தபோது அந்த நோட்டைக் காட்டினார். பாதி வரிகள் இன்னும் பென்சிலில் இருந்தன. "இப்படிப் போனா எப்பக்கா முடிப்பீங்க?" என்றேன். "முடிக்கறது பெரிசில்லீங்க சார். அப்புறம் நிம்மதியா தூங்கோணுமில்ல" என்றார்.

அவரை நான் தெய்வமாக்கிக் காட்ட விரும்பவில்லை. நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். அவருக்குக் கோபம் சட்டென்று வரும். விடைத்தாளில் அரை மதிப்பெண் சேர்த்துப் போடச் சொன்ன துறைத் தலைவரிடம் சண்டை போட்டு, அதனாலேயே இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு இல்லாமல் இருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப் பெயர் உங்களுக்குத் தெரியும், இங்கே எழுத வேண்டாம். யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். என் கட்டுரை ஒன்று வெளியானபோது அனுப்பி வைத்தேன். "எழுத்துப் பிழை இல்லீங்க சார்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

ஏழாவது ஆண்டில் சிறுநீரகம் போயிற்று. எப்போதிருந்து முகம் வீங்கியிருந்தது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வெயிலில் அலைவதால் என்று நினைத்தோம். அதன் பிறகு வாரம் இரண்டு நாள் சேலத்துக்கு வந்து டயாலிசிஸ். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இடது கையில் ஊசி. அதை அசைக்கக் கூடாது. வலது கையால் வயிற்றின் மேல் வைத்த அட்டையில் இயல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்துப் படுக்கையில் ஒரு லாரி ஓட்டுநர், அவருக்கு ஊர் திருச்செங்கோடு. "அக்கா என்னமோ கேசு எழுதறாங்கன்னு நெனச்சனுங்க. ஆட்டு வெலையாமா!" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்தப் படுக்கையில் வேறு ஆள்.

பத்தாவது ஆண்டில், பதிவு காலாவதியாக ஒரு மாதம் இருக்கும்போது, ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். நான் படித்திருக்கிறேன். நம் பகுதியில் பொருளாதாரத்தில் எழுதப்பட்டவற்றில் அவ்வளவு நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை. விற்பவருக்கு எவ்வளவு அவசரம் என்பது விரல் பிடியிலேயே வாங்குபவருக்குத் தெரிந்துவிடுகிறது, நடுங்குகிற கைக்கு எப்போதும் குறைந்த விலைதான் என்று ஒரு பத்தி வரும். அதை எழுத அத்தனை ஆண்டு ஞாயிறுகள் வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து மதிப்பீட்டாளர் அறிக்கை வந்தது. ஒருவர் பரிந்துரைத்திருந்தார். மற்றவர் திருப்பி அனுப்பியிருந்தார். "இதே சந்தை குறித்து ஏற்கெனவே வெளிவந்துள்ள ஆய்வின் விலைத் தரவுகளோடு இவை முற்றிலும் முரண்படுகின்றன. முரண்பாட்டுக்கு விளக்கம் தந்து மீண்டும் சமர்ப்பிக்கவும்." ஏற்கெனவே வெளிவந்துள்ள ஆய்வு என்னுடையது.

அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு அக்கா என் வீட்டுக்கு வந்தார். டயாலிசிஸ் முடித்து நேரே வந்திருந்தார். என் மனைவி மோர் கொண்டுவந்தாள். "எனக்குத் தண்ணி அளவுதானுங்க" என்று சொல்லி ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு டம்ளரை நகர்த்தி வைத்தார். நல்ல வெயில் காலம். அவர் உதடு வெடித்திருந்தது. மீதி மோர் கடைசி வரை அங்கேயே இருந்தது. அறிக்கையை என்னிடம் நீட்டினார். படித்தேன்.

"நானே வெளக்கம் எழுதலாமுங்க சார்" என்றார். "அந்த வெலையெல்லாம் எப்படி வந்துச்சுன்னு எனக்குந்தான் தெரியும். ஆனா நான் எழுதினா உங்க மேல குத்தம் சொன்னதா ஆயிரும். நீங்க எழுதினா திருத்தம். ஒரே ஒரு வரி போதும். நாலாவது இயல் வெலை சந்தைக்குள்ள கேட்டதுன்னு. உங்க கையெழுத்தோட. அதையச் சேத்து நான் திருப்பி அனுப்பிக்கறேன்."

அந்த ஒரு வரி என் பட்டத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். என் பெயர் இணைப் பேராசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. என்னிடமே நான்கு பேர் ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தார்கள். முடியாது என்று அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் தானே விளக்கம் எழுதி அனுப்பியிருப்பார், பட்டம் வாங்கியிருப்பார். அதுகூட நான் செய்யவில்லை. வெயிலில் வந்து, மோர் குடிக்க முடியாமல், மரியாதையாகக் கேட்கிற மனுஷியிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

"எழுதித் தர்றேங்க்கா. இந்த வாரத்துக்குள்ள" என்றேன்.

அவர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரிங்க சார். வாரனுங்க" என்று எழுந்தார். வாசல் வரை போய்ச் செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். பேருந்து நிறுத்தம் வரை நான் கூடப் போனேன். வழியில் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார்.

எழுதாமல் இல்லை. நான்கு முறை எழுதினேன். "சில தரவுகளில் சிறு வேறுபாடுகள் இருக்க வாய்ப்புண்டு" என்று முதலில். "களச் சூழலின் வரம்புகளுக்கு உட்பட்டு" என்று இரண்டாவது. மற்ற இரண்டையும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படித்தவர்களுக்கு உண்மையைச் சொல்லாமலே நான்கு பக்கம் எழுத வரும். எதையும் அனுப்பவில்லை. ஒரு வாரம் ஒரு மாதமாகி, எட்டு மாதமாயிற்று. அவர் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. நடுவில் ஒருநாள் விடைத்தாள் திருத்தும் முகாமில் எதிர் வரிசை மேசையில் அவரைப் பார்த்தேன். தலை குனிந்து திருத்திக்கொண்டிருந்தார். கையில் கட்டு. நான் பின்வாசல் வழியாக வெளியேறி, வெளியே டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். முகாம் அலுவலரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அதுதான் நான் அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது.

காரியம் முடிந்த மறுவாரம் அக்காவின் அம்மா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். ஓர் உரச் சாக்கு நிறைய நோட்டுகள். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சாமி. இது உங்களுக்குத்தான் புரியும்னு அது சொல்லீட்டே இருக்கும்" என்றார். "அம்மா, அக்காவுக்குப் பட்டம் வராமப் போனது என்னாலதான்" என்றேன். அந்த அம்மா நான் சொன்னதைப் புரிந்துகொண்டாரா என்று இன்றுவரை தெரியாது. பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பட்டம் வந்தா மட்டும் அது எந்திரிச்சு வரப்போவுதுங்களா. சாக்க எடுத்துக்கிட்டுப் போங்க, எலி கடிக்குது" என்றார்.

வீட்டில் வந்து கடைசி நோட்டைப் பிரித்தேன். உடம்பு முடியாமல் போன பிறகு அவரால் பட்டிகளுக்குப் போக முடியவில்லை. ஆனால் எழுதும் பழக்கம் நிற்கவில்லை. அதே கட்டங்கள்: நாள், யார் சொன்னது, என்ன சொன்னது, கையா வாயா. ஆட்டு விலை இருந்த இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். டாக்டர், 'இன்னும் பத்து வருசம் ஓட்டலாம்': வாய். கல்லூரித் தாளாளர், 'அடுத்த வருசம் நிரந்தரம் பண்ணிடறோம்': வாய். செங்கோடன், 'நான் சாவறதுக்குள்ள உங்க புஸ்தகத்தப் பாக்கோணும்': கை. அம்மா, 'எனக்கு முன்னால போயிறாத சாமி': கை. இவை எல்லாம் பேனாவால் எழுதப்பட்டிருந்தன.

அவர் என் வீட்டுக்கு வந்துபோன நாளும் இருந்தது. அன்றைய தேதியிலேயே எழுதியிருக்கிறார். 'தம்பி. எழுதித் தருவதாகச் சொன்னது. வாய்.' எத்தனையோ ஆண்டு கழித்துத் 'தம்பி' என்றிருந்தது. அது மட்டும் பென்சிலில் இருந்தது.

எட்டு மாதமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. செங்கோடனிடம் இரண்டு ஆண்டு ஏமாந்தவருக்கு, மரியாதைக்குச் சொல்லும் பொய் எப்படி ஒலிக்கும் என்று தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் பேனாவை எடுக்கவில்லை. பென்சில் என்றால் இன்னும் உறுதியாகவில்லை என்று அர்த்தம். எட்டு மாதம் எனக்காக அந்த இடத்தைத் திறந்து வைத்திருந்திருக்கிறார்.

அந்த ஒரு வரியை இப்போது எழுதிவிட்டேன். "எனது ஆய்வேட்டின் நான்காம் இயலில் உள்ள விலைகள் சந்தைக்குள் மரியாதைக்காகச் சொல்லப்பட்ட தொகைகள்; அவை உண்மை விலைகள் அல்ல; சமர்ப்பிக்கும் முன்பே இதை நான் அறிந்திருந்தேன்." கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். என் பட்டத்தை அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. அக்காவின் ஆய்வேட்டைப் பற்றிக் கேட்க நேரிலும் போனேன். பிரிவு எழுத்தர் நல்ல மனிதர், கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தார். "உங்க கடிதம் சேர்ந்தா வெளக்கம் சரியாப் போச்சுங்க சார். ஆனா மறுபடி சமர்ப்பிக்க ஆய்வாளர் கையெழுத்து போடணுமே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கும் மேலிடத்துல கேட்டுச் சொல்றங்க" என்றார். அது எந்த மாதிரிச் சொல் என்று எனக்குத் தெரியும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசி நோட்டு. மற்றவற்றைத் துறை நூலகத்தில் சேர்த்துவிட்டேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் பெயர் இருக்கும் பக்கத்தைச் சில நாள் பிரித்துப் பார்க்கிறேன். மேசையில் அழிப்பான் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. வரியை அழித்துக் 'கை' என்று எழுதவும், பேனாவால் 'வாய்' என்று உறுதி செய்யவும் உரிமை உள்ள ஆள் ஒருவர்தான். அவர் இப்போது இல்லை. அது பென்சிலிலேயே இருக்கிறது.